கைதிகள் வெட்டிய பாதையில் தங்கம் தேடிப் போனவர்கள்

தீவாந்தர தண்டனை என்ற சொல் தமிழர்க்குப் புதிதன்று. 1908இல் வ.உ.சிதம்பரனாருக்குத் திருநெல்வேலி நீதிமன்றம் விதித்தது அந்தத் தண்டனையே. அதற்கு நூறாண்டுக்கு முன்னர், 1802இல், பாளையக்காரர் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களைப் பினாங்குக்குக் கப்பலேற்றியதும் அதே வழக்கப்படிதான். குற்றவாளி எனத் தீர்ப்பான ஒருவரை உள்ளூர்ச் சிறையில் வைத்துச் சோறு போடுவதற்குப் பதிலாக, நினைத்தால் திரும்பி வர முடியாத தொலைவுக்குக் கடல் கடத்தி, அங்கே குறித்த ஆண்டுகள் உழைக்க வைப்பதே இத்தண்டனையின் சாரம். பிரிட்டிஷ் அரசு இதை மிகப் பெரிய அளவில் நடத்திய இடம் ஆஸ்திரேலியா. 1788 முதல் 1868 வரையிலான 80 ஆண்டுகளில் ஏறத்தாழ 1,62,000 கைதிகள் அக்கரையில் இறக்கப்பட்டனர்; அவர்களுள் சுமார் 25,000 பேர் பெண்கள்.

இந்த 80 ஆண்டுகளின் நடுவே, 1851இல், அதே மண்ணில் தங்கம் கிடைத்தது. கைதிகளின் வரலாற்றையும் தங்கத்தின் வரலாற்றையும் தனித்தனி அத்தியாயங்களாகப் படிப்பதே வழக்கம் என்பதால், ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி நின்றது என்பது புதிதாகப் படிப்பவருக்கு எளிதில் புலப்படுவதில்லை. கைதிகள் எப்படிக் கொண்டுவரப்பட்டார்கள், வந்தவர்கள் எந்தப் பாதைகளை வெட்டினார்கள், பிற்பாடு அந்தப் பாதைகளில் யார் நடந்தார்கள் என்று போக்குவரத்தைப் பிடித்துக்கொண்டே போனால், தங்கம் இந்தத் தண்டனைக்கே முடிவு கட்டிய விதமும் தானாக விளங்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சின்னத் திருட்டுகளுக்கும் தூக்கு விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. தூக்கை அப்படியே நிறைவேற்ற மனம் வராத நீதிபதிகளுக்கும் அரசுக்கும் நாடுகடத்தல் வசதியான மாற்றாக அமைந்தது. 1718ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கைதிகள் வட அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டு, அங்கே பண்ணையார்களிடம் உழைப்புக்காக விற்கப்பட்டார்கள். ஏறத்தாழ 50,000 பேர் இவ்வாறு போனதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க விடுதலைப் போர் அந்தக் கதவை அடைத்தது. போவதற்கு இடமில்லாத கைதிகளைத் தேம்ஸ் ஆற்றில் நங்கூரமிட்ட பழைய கப்பல்களில் அடைத்து வைத்தார்கள். அவை நிரம்பி வழிந்தன. கடைசியில் 1786இல், பதினாறு ஆண்டுகளுக்கு முன் ஜேம்ஸ் குக் பார்த்துவிட்டு வந்த பாட்டனி விரிகுடாவை அரசு தேர்ந்தெடுத்தது.

ஆர்தர் பிலிப் தலைமையில் முதல் தொகுதியாக 11 கப்பல்கள் 1787 மே 13 அன்று போர்ட்ஸ்மவுத்திலிருந்து புறப்பட்டன. அவற்றுள் ஆறு கைதிகளுக்கு, மூன்று சரக்குக்கு, இரண்டு கடற்படைக்கு உரியவை. டெனெரிஃப், ரியோ டி ஜெனிரோ, நன்னம்பிக்கை முனை என்று சுற்றி, எட்டு மாதங்களுக்கு மேல் கடலில் கிடந்து, 1788 ஜனவரியில் அவை போய்ச் சேர்ந்தன. பாட்டனி விரிகுடா குடியேற்றத்துக்கு ஒத்துவராது என்று கண்ட பிலிப், சற்று வடக்கே இருந்த இயற்கைத் துறைமுகத்துக்கு மாறினார். சிட்னி பிறந்தது அங்கேதான். ‘பாட்டனி பே’ என்றாலே கைதிக் குடியேற்றம் என்ற பொருள் இங்கிலாந்தில் பல தலைமுறை நிலைத்திருந்தும், அந்த விரிகுடாவின் கரையில் அக்குடியேற்றம் ஒருநாளும் நிலைகொள்ளவில்லை என்பது வேடிக்கை.

முதல் பயணம் ஓரளவு கவனத்தோடு நடந்தது. 1790இல் வந்த இரண்டாம் தொகுதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அடிமை வணிகத்தில் பழகிய ஒரு நிறுவனம் தலைக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ் என்று ஒப்பந்தம் பெற்றிருந்தது. கப்பலேறிய தலைகளுக்குத்தான் அந்தக் கணக்கு. கரையிறங்கிய தலைகளை எண்ணிப் பார்க்க ஒப்பந்தத்தில் இடமில்லை. வழியில் ஒருவர் இறந்தால் நிறுவனத்துக்கு ஒரு வேளைச் சோறு மிச்சம். ஏறிய சுமார் 1,000 பேரில் கால் பங்குக்கு மேற்பட்டோர் வழியிலேயே மாண்டனர். இறங்கியவர்களில் பலர் நடக்கக்கூட முடியாமல் தூக்கி வரப்பட்டனர். கொடுமைக்கு மாலுமிகளின் கல்நெஞ்சைக் காரணம் காட்டுவதைவிட, பணம் கொடுக்கும் முறையைக் காட்டுவதே பொருந்தும். பிற்பாடு, உயிரோடு இறங்குபவர்களின் எண்ணிக்கையோடு பணம் பிணைக்கப்பட்டது. 1814இல் மூன்று கப்பல்களில் நிறையப் பேர் இறந்ததை ஆராய்ந்து வில்லியம் ரெட்ஃபெர்ன் என்ற மருத்துவர் அறிக்கை கொடுத்ததும், ஒவ்வொரு கப்பலுக்கும் அதிகாரமுள்ள ஒரு மருத்துவர் நியமிக்கப்பட்டார். சாவுகள் வெகுவாகக் குறைந்தன. அந்த ரெட்ஃபெர்னும் கடற்படைக் கலகம் ஒன்றில் தண்டனை பெற்றுக் கைதியாக வந்தவரே.

ஆஸ்திரேலியாவில் இறங்கிய கைதிகள் எல்லாம் கல் சிறைக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள் என்பது பரவலான தவறான எண்ணம். சுற்றிலும் கடலும் காடும் இருக்க, நாடே சிறையாக இருந்தது. பெரும்பாலோர் திருட்டுக்காக வந்தவர்கள்; 7 ஆண்டு, 14 ஆண்டு, ஆயுள் என்று தண்டனை மூன்று வகைப்பட்டது. வந்தவுடன் அவர்களை அரசு தன் வேலைக்கு வைத்துக்கொண்டது, அல்லது நிலவுடைமையாளர்களிடம் வேலையாளாக ஒப்படைத்தது. நன்னடத்தை காட்டியவருக்கு ‘விடுப்புச் சீட்டு’ கிடைத்தது. அது உள்ளவர் குறிப்பிட்ட வட்டாரத்துக்குள் தமக்கென உழைத்துச் சம்பாதிக்கலாம். அவ்வப்போது அதிகாரிகள் முன் தலைகாட்ட வேண்டும். அதற்கு மேலே நிபந்தனையுள்ள மன்னிப்பும், முழு மன்னிப்பும் இருந்தன. ஆவண மோசடிக்காகத் தூக்கிலிருந்து தப்பி 1814இல் வந்த பிரான்சிஸ் கிரீன்வே, சிட்னியின் அழகிய கட்டடங்கள் சிலவற்றை வடிவமைத்தார். 1966இல் வெளியான ஆஸ்திரேலியப் பத்து டாலர் நோட்டில் அவர் படம் அச்சிடப்பட்டது. மோசடிக்காரரின் முகத்தைப் பணத்தாளில் பதித்த நாடு வேறு உண்டா என்று வினாடி வினாக்காரர்கள் கேட்பதற்கு இதுவே காரணம். பதின்மூன்று வயதில் குதிரை திருடிப் பிடிபட்ட மேரி ரெய்பி, பிற்காலத்தில் கப்பல்கள் வைத்து வணிகம் நடத்திய செல்வப் பெண்மணியாகி, இருபது டாலர் நோட்டில் இடம்பெற்றிருக்கிறார்.

இனிப் பாதைக்கு வருவோம். முதல் 25 ஆண்டுகள் சிட்னிக் குடியேற்றம் கடற்கரைச் சமவெளியில் அடைபட்டே கிடந்தது. மேற்கே நீல மலைகள் செங்குத்தான பாறைச் சுவர்களாக வழிமறித்தன. 1813இல் பிளாக்ஸ்லேண்ட், லாசன், வென்ட்வொர்த் என்ற மூவர் பள்ளத்தாக்கை விட்டு மலைமுகட்டையே பிடித்துக்கொண்டு போய் வழி கண்டார்கள். அடுத்த ஆண்டு ஆளுநர் மக்வாரி, அவ்வழியே வண்டி போகும்படி பாதை போடும் பணியை வில்லியம் காக்ஸிடம் ஒப்படைத்தார். காக்ஸுக்குக் கிடைத்தவர்கள் 30 கைதிகளும் ஒரு சிறு காவற்படையும் மட்டுமே. 1814 ஜூலையில் தொடங்கி 1815 ஜனவரிக்குள், ஆறே மாதத்தில், 101 மைல் பாதை முடிந்தது. வேலையை நன்றாக முடித்தால் விடுதலை என்ற வாக்குறுதி, சவுக்கைவிட விரைவாகக் கோடரியை ஓட்டியது என்று கொள்ளலாம்.

பாதை என்றால் இன்றைய தார்ச்சாலையை நினைக்கக் கூடாது. மரம் வீழ்த்தி, வேரைக் கல்லி, பாறையை உடைத்து, ஓடைகளுக்குக் கட்டைப் பாலம் போட்டு, ஒரு வண்டி போகும் அளவுக்கு ஒழுங்கு செய்த தடம் அது. மவுண்ட் யார்க் என்ற இடத்தில் இறக்கம் எவ்வளவு செங்குத்து என்றால், கீழே இறங்கும் வண்டிகளின் பின்னால் வெட்டிய மரத்தைக் கட்டி இழுத்துப்போனால்தான் அவை மாடுகளின் மேல் பாயாமல் நின்றன. 1832இல் விக்டோரியா கணவாய் வழியாகக் கைதிகளைக் கொண்டே வேறொரு தடம் அமைத்த பின்புதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. பாதையின் மறுமுனையில் பாத்தர்ஸ்ட் நகரம் 1815இல் நிறுவப்பட்டது. அது விராட்ஜூரி என்ற பூர்வகுடி மக்களின் நிலம். வண்டித்தடம் வந்ததும் ஆட்டு மந்தைகளும் பண்ணைகளும் பெருக, மோதல் முற்றி 1824இல் அங்கே இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த மக்களுள் பலர் கொல்லப்பட்டனர். பாதையின் கணக்கில் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கைதிகளின் உழைப்பு பாதை வெட்டுவதோடு நிற்கவில்லை. சில இடங்களில் அவர்களே இழுவை மாடுகளாகவும் இருந்தார்கள். டாஸ்மானியாவின் போர்ட் ஆர்தர் சிறைக்குக் கடல்வழி ஆபத்தானது என்று, 1836இல் காட்டுக்குள் சில கிலோமீட்டர் தொலைவுக்கு மரத் தண்டவாளம் போடப்பட்டது. அதில் ஓடிய சிறு வண்டிகளை மேட்டில் கைதிகள் தள்ளினார்கள். பள்ளம் வந்ததும் அவர்களும் தொற்றிக்கொள்ள, வண்டி தலைதெறிக்க ஓடும். அதிகாரிகளும் விருந்தினர்களும் அதில் பயணம் செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் பயணிகளை ஏற்றிய முதல் தண்டவாள வழி இதுவே என்பார்கள்.

தங்கம் 1851இல்தான் முதன்முதலாகக் கண்ணில் பட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. பாத்தர்ஸ்ட் பாதையை ஒட்டிய ஃபிஷ் ஆற்றங்கரையில் ஜேம்ஸ் மெக்பிரையன் என்ற நில அளவையர் 1823இலேயே தங்கத் துகள்களைக் குறித்து வைத்திருக்கிறார். 1844இல் டபிள்யூ.பி.கிளார்க் என்ற பாதிரியார், நிலவியலும் அறிந்தவர், தாம் கண்டெடுத்த தங்கத்தை ஆளுநர் கிப்ஸிடம் காட்டியபோது, ‘அதை உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் நம் எல்லார் கழுத்தும் அறுபட்டுப்போகும்’ என்ற பொருளில் ஆளுநர் பதற்றப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்த அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆயிரக்கணக்கான கைதிகளும் முன்னாள் கைதிகளும் உள்ள நாட்டில், மண்ணைக் கிளறினால் செல்வம் என்ற செய்தி பரவினால் மேய்ப்பன் யார், காவலன் யார்?

நிலைமையை மாற்றியது கலிஃபோர்னியா. 1849இல் அங்கே தங்கம் தேடி ஆஸ்திரேலியர்களும் கப்பலேறத் தொடங்கியதும், ஆட்கள் வெளியேறுவதைத் தடுக்க உள்ளூரிலேயே தங்கம் இருந்தால் நல்லது என்று அரசு எண்ணியது. கலிஃபோர்னியாவில் தோல்வி கண்டு திரும்பிய எட்வர்ட் ஹார்கிரேவ்ஸ், 1851 பிப்ரவரியில் பாத்தர்ஸ்டுக்கு அப்பால் ஓர் ஓடையில் தங்கம் இருப்பதைக் காட்டினார். மேலும் தங்கம் கண்டெடுத்த உள்ளூர் இளைஞர்களின் பங்கை மறைத்துப் பெருமையையும் 10,000 பவுண்டு பரிசையும் அவரே எடுத்துக்கொண்டார் என்ற சர்ச்சை நெடுங்காலம் நடந்தது. விவிலியத்தில் சாலொமோனுக்குப் பொன் வந்த ஓப்பீர் நாட்டின் பெயர் அந்த இடத்துக்குச் சூட்டப்பட்டது. மே மாதம் செய்தி வெளியானதும் சிட்னியே பெயர்ந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டது. சட்டி, கம்பளி, மண்வெட்டி, சல்லடைத் தொட்டி ஆகியவற்றோடு அவர்கள் மலை ஏறிய தடம், முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் காக்ஸின் கைதிகள் திறந்து வைத்த மலைமுகட்டு வழியே சென்றது.

தெற்கே விக்டோரியாவில் கதை வேறு மாதிரி. 1851 ஜூலையில் தனிக் குடியேற்றமாகப் பிரிந்த விக்டோரியா, சிட்னியைப் போல முறையான கைதிக் குடியேற்றமாக இருந்ததில்லை. ஆகவே கைதிகளைக் கொண்டு போட்ட நெடும்பாதைகளும் அங்கே இல்லை. அதே ஆண்டில் பல்லாரட், காசில்மெய்ன், பெண்டிகோ என்று அடுத்தடுத்துக் கிடைத்த தங்கம், ஓப்பீரைவிடப் பன்மடங்கு பெரிது. 1851இல் சுமார் 77,000ஆக இருந்த விக்டோரியாவின் மக்கள்தொகை பத்தாண்டில் 5,40,000ஐத் தொட்டது. இத்தனை பேரும் அவர்களுக்கான மாவும் இறைச்சியும் கருவிகளும் மெல்பர்ன் துறையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் உள்ளே, ஆட்டுப்பண்ணைத் தடங்களில்தான் போயாக வேண்டும்.

மழைக்காலத்தில் அந்தத் தடங்கள் சேற்றுக் குளங்களாயின. பல சோடி மாடுகளைப் பூட்டிய பார வண்டிகள் அச்சு வரை புதைந்து நாள்கணக்கில் நின்றன. ஒரு வண்டியை மீட்க அடுத்த வண்டியின் மாடுகளையும் அவிழ்த்து வந்து பூட்டுவார்கள். வண்டிக் கூலி வானத்தைத் தொட்டதால், தங்க வயலில் ஒரு மூட்டை மாவின் விலையில் பெரும்பங்கு மாட்டுக்காரனுக்குப் போனது. மண்ணைத் தோண்டாமலேயே பணம் சேர்த்தவர்கள் பட்டியலில் வண்டிக்காரர்களுக்கு நல்ல இடமுண்டு. தங்கம் தோண்டப் போனவர்களில் பெரும்பாலோர் நடந்தே போனார்கள். சிலர் தள்ளுவண்டியில் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் சிலர் மூட்டையை மட்டும் காசு கொடுத்து மாட்டு வண்டியில் போட்டுவிட்டு, வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தார்கள். வழியில் கருங்காடு எனப்பட்ட அடர்வனம் வழிப்பறிக்குப் பேர்போனது.

இந்தச் சேற்றில்தான் ‘காப் அண்டு கோ’ பிறந்தது. ஃப்ரீமன் காப் என்ற அமெரிக்க இளைஞரும் அவருடைய மூன்று தோழர்களும் 1854 ஜனவரி 30 அன்று மெல்பர்னிலிருந்து தங்க வயலுக்குக் குதிரைக் கோச்சு விட்டார்கள். அவர்களுடைய நுட்பம் இரண்டே. அமெரிக்காவிலிருந்து தருவித்த கோச்சுகளில் வண்டிப்பெட்டி இரும்பு வில்லின் மேல் அமராமல், தடித்த தோல் வார்களில் தொட்டில் போலத் தொங்கியது. குண்டு குழியில் இரும்பு வில் முறியும். தோல் வார் அசைந்து கொடுக்கும். பயணிகளுக்குக் கடலில் போவது போலத் தலை சுற்றினாலும் வண்டி ஊர் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது, சுமார் 15 முதல் 25 கிலோமீட்டருக்கு ஒரு லாயம் அமைத்து, களைத்த குதிரைகளை அவிழ்த்துவிட்டுப் புதியவற்றைப் பூட்டியது. காப் 1856இலேயே பங்கை விற்றுவிட்டு ஊர் திரும்பினார். அவருடைய பெயரோ குவின்ஸ்லாந்தில் கடைசிக் கோச்சு ஓடிய 1924 வரை வண்டிகளின் மேல் இருந்தது. 1862இல் இந்நிறுவனம் தன் தலைமையிடத்தைப் பாத்தர்ஸ்டுக்கு மாற்றிக்கொண்டது; பழைய கைதிப் பாதையின் மறுமுனை மறுபடியும் போக்குவரத்தின் மையமாயிற்று. அதே ஆண்டில் பல்லாரட்டையும் பெண்டிகோவையும் இரயில் எட்ட, கோச்சுகள் இரயில் போகாத ஊர்களைத் தேடி நகர்ந்தன.

ஆட்கள் உள்ளே போக, தங்கம் வெளியே வர வேண்டும். அதற்கு ஆயுதக் காவலோடு அரசு வண்டிகள் ஓடின. 1852இல் ஆண்களெல்லாம் விக்டோரியாவுக்குப் போய்விட்டதால் வெறிச்சோடிய தெற்கு ஆஸ்திரேலியா, அலெக்சாண்டர் டோல்மர் தலைமையில் தனிக் காவல் வண்டி அனுப்பித் தன் மக்கள் தோண்டிய தங்கத்தை அடிலெய்டுக்கே கொண்டுவந்தது. மெல்பர்னில் தங்கம் விற்ற விலையைவிடக் கூடுதலாக, அவுன்ஸுக்கு 71 ஷில்லிங் என்று சட்டம் போட்டே நிர்ணயித்தார்கள். காவல் இருந்தும் கொள்ளை நடந்தது: 1862 ஜூனில் நியூ சவுத் வேல்ஸின் (சிட்னி அடங்கிய குடியேற்றம்) யூகோரா பாறைகளின் அருகே ஃபிராங்க் கார்டினரின் கும்பல் ஃபோர்ப்ஸிலிருந்து வந்த காவல் வண்டியை மறித்து, சுமார் 14,000 பவுண்டு மதிப்புள்ள தங்கத்தையும் பணத்தையும் பறித்தது.

எல்லாரிலும் அதிக தூரம் நடந்தவர்கள் சீனர்கள். விக்டோரியா 1855இல் துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி விதித்தது. கப்பல்காரர்கள் அந்த வரியைத் தவிர்க்க எல்லைக்கு அப்பால், தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் என்ற சிற்றூரில் அவர்களை இறக்கிவிட்டார்கள். 1856 தொடங்கிய இரண்டு மூன்று ஆண்டுகளில் 16,000க்கும் மேற்பட்டோர் அங்கே இறங்கி, தோளில் காவடி போல மூங்கில் கழியும் இருபுறம் கூடைகளுமாக, வரிசையாக 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்து தங்க வயல்களை அடைந்தார்கள். அப்படிப் போன ஒரு கூட்டம்தான் 1857இல் அரராட்டில் புதிய தங்கப் படிவைக் கண்டது.

இப்போது தண்டனையின் முடிவுக்கு வரலாம். நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. டாஸ்மானியாவுக்கு, அன்றைய பெயரில் வான் டீமன்ஸ் லேண்டுக்கு, அது தொடர்ந்தது. அங்கே சுதந்திரக் குடியேறிகள் ஏற்கெனவே எதிர்ப்பு இயக்கம் நடத்திவந்தார்கள். தங்கம் அந்த வாதத்துக்கு மறுக்க முடியாத வலுவைக் கொடுத்தது. நேர்மையான தொழிலாளி சொத்தை விற்றுக் கப்பல் கட்டணம் சேர்த்துப் போகத் துடிக்கும் நாட்டுக்குத் திருடனை அரசு செலவில் அனுப்பி வைப்பதைத் தண்டனை என்று எப்படிச் சொல்வது? தொலைவும் அச்சமுமே இத்தண்டனையின் உயிர். தங்கம் அந்த அச்சத்தை ஆசையாக மாற்றிவிட்டது. 1853இல் டாஸ்மானியாவுக்கான கடைசிக் கைதிக் கப்பல் வந்தது. தங்கம் இன்னும் கிடைக்காமல், ஆள் பஞ்சத்தில் தவித்த மேற்கு ஆஸ்திரேலியா மட்டும் 1850 முதல் தானே கேட்டுக் கைதிகளை வாங்கிக்கொண்டது. 1868 ஜனவரியில் ஃப்ரீமேண்டிலில் நின்ற ஹூகுமான்ட் கப்பலோடு அதுவும் முடிந்தது.

கைதி, தங்கம், கப்பல் மூன்றும் ஒன்றாகச் சிக்கிக்கொண்ட கதை ‘சக்சஸ்’ என்ற கப்பலுடையது. 1840இல் பர்மாவில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட அது, 1852இல் குடியேறிகளோடு மெல்பர்ன் வந்தது. மாலுமிகள் கூண்டோடு தங்க வயலுக்கு ஓடிவிட்டார்கள். அப்போது துறைமுகத்தில் ஆளில்லாமல் நின்ற கப்பல்கள் ஏராளம். தங்க வேட்டையால் குற்றங்கள் பெருகிச் சிறைகளும் நிரம்பியிருந்தன. அரசு சக்சஸை வாங்கி மிதக்கும் சிறையாக்கியது. இங்கிலாந்து எதை ஒழிக்க ஆஸ்திரேலியாவைத் தேடியதோ, அது மெல்பர்ன் கடலில் மறுபடியும் மிதந்தது. 1890இல் அதை வாங்கியவர்கள், கைவிலங்குகளையும் மெழுகுப் பொம்மைகளையும் வைத்து, 1790இல் கட்டிய கைதிக் கப்பல் என்று பொய் விளம்பரம் செய்து, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் துறை துறையாகக் காட்டிக் காசு பார்த்தார்கள். 1946 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் ஈரி ஏரியில் அது தீப்பிடித்து எரிந்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கைதியைக்கூட அந்தக் கப்பல் ஏற்றி வந்ததில்லை.